வைட் ரிசீவர் நிற்பதைப் பார்த்தே அடுத்த பிளேவைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் வைட் ரிசீவர் நிற்கிற விதம், பார்வை, கைகால் அசைவு இவற்றை வைத்தே அடுத்து என்ன வரப்போகிறது என்று எதிரணிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்களாமே, அது உண்மையா, இல்லை கமென்ட்ரி பெட்டியில் உட்கார்ந்துகொண்டு அளக்கிற கதையா?

உண்மைதான். ஆனால் கமென்ட்ரியில் சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு ரிசீவரின் உடம்பைப் பார்த்து "இதோ இந்தப் பிளேதான்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. பத்து சாத்தியங்கள் இருந்த இடத்தில் அதை மூன்றாகக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒன்றை நம்பிப் பாய்கிற துணிச்சல் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த ஆட்டத்தை ஆடியவன் இல்லை. என் மகன் இங்கே அமெரிக்காவில் ஹைஸ்கூல் அணியில் நான்கு வருஷம் கார்னர்பேக்காக ஆடினான். புதன், வியாழன் ராத்திரியெல்லாம் எதிரணியின் பழைய ஆட்டங்களை லேப்டாப்பில் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருப்பான். "அப்பா, இவன் காலைப் பாருங்க" என்று அவன் கூப்பிட்டுக் காட்டிக் காட்டித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அப்புறம் பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொந்தமில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பிலும் திட்டமிட்டு ஆடுகிற ஆட்டத்துக்குப் பிளே என்று பெயர். நடுவில் குனிந்திருப்பவர் பந்தைப் பின்னால் கொடுக்கிற நொடிக்கு ஸ்னாப் என்று பெயர். அதை வாங்குகிற குவார்ட்டர்பேக் ஒன்று இன்னொருவரிடம் கொடுத்து ஓடவிடுவார், அல்லது தூக்கி எறிவார். எறிந்ததைப் பிடிக்க ஓரத்தில் நிற்பவர் வைட் ரிசீவர். அவரை மறித்து நிற்பவர் கார்னர்பேக், இன்னும் பின்னால் நிற்பவர் சேஃப்டி. ரிசீவர் எங்கே ஓடுவார் என்பது முன்கூட்டியே முடிவானது, அந்தப் பாதைக்கு ரூட் என்று பெயர். ரூட்களுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுக்கிற பழைய முறை ஒன்று உண்டு. அதில் ஒற்றைப்படை என்றால் மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டோரம் திரும்புவது, இரட்டைப்படை என்றால் மைதானத்தின் நடுப்பக்கம் திரும்புவது. 2 ஸ்லான்ட் (கிட்டத்திலேயே சாய்வாக உள்ளே வெட்டுவது), 5 அவுட் (பக்கவாட்டில் வெளியே திரும்புவது), 7 கார்னர் (தூரம் போய் வெளியே சாய்வது), 8 போஸ்ட் (தூரம் போய் உள்ளே சாய்வது), 9 நேராக ஓடிக்கொண்டே இருப்பது.

அதாவது கார்னர்பேக் விடை தேட வேண்டிய கேள்விகள் மூன்றுதான். ஓட்டமா, எறிதலா? எறிதல் என்றால் உள்ளேயா, வெளியேயா? கிட்டத்திலா, தூரத்திலா? மூன்றுக்கும் ரிசீவரின் உடம்பு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உடம்பில் சில பாகங்கள் பொய் சொல்லும், சில பாகங்களால் பொய் சொல்ல முடியாது. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்த வித்தையில் பாதி.

முதலில் உடம்பை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குக் கொஞ்சம் அதிகம். ரிசீவர் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட இரண்டு மூன்று யார்டு உள்ளே தள்ளி நின்றால், அவருக்கு வெளிப்பக்கம் இடம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அவுட், கார்னர் மாதிரி கோட்டோரம் திரும்புகிற ரூட்டுக்கு ஓட நிலம் வேண்டாமா? அதேபோல கோட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தால் வெளியே திரும்ப அவருக்கு இடமே கிடையாது. ஸ்லான்ட், போஸ்ட், டிக் என்று உள்ளே வருவார், இல்லை நேராக ஓடுவார். உள்ளே ஒட்டி நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டப் பிளே என்றால் எதிரணியின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கரையோ, சேஃப்டியையோ பக்கவாட்டில் போய் மறிக்க வேண்டியிருக்கும், அதற்கும் கிட்டத்தில் நிற்க வேண்டும். எனவே இடம் மட்டும் முழு விடை ஆகாது. ஆனாலும் என்னைக் கேட்டால் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர் முதல் ஒரு மாதம் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், ரிசீவர் கோட்டிலிருந்து எத்தனை யார்டு தள்ளி நிற்கிறார் என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது கால். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இடது ஓரத்தில் நிற்கும் ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அவருக்கு வலப்பக்கம் இருக்கிறது. பெரும்பாலான கோச்கள் பந்துக்குப் பக்கத்தில் இருக்கிற காலை, அதாவது வலது காலை, முன்னால் வைக்கச் சொல்வார்கள். ஸ்னாப் ஆனதும் பின்னால் இருக்கும் இடது கால் முதல் அடி, வலது இரண்டாவது, மறுபடி இடது மூன்றாவது. அந்த மூன்றாவது அடியில் இடது காலை ஊன்றித் தள்ளினால் உடம்பு வலப்பக்கம், மைதானத்தின் நடுவே போகும். மூன்றடி ஸ்லான்ட் அவ்வளவுதான். ஐந்தாவது அடியிலும் இடது கால்தான் விழும், அங்கே நின்று திரும்பினால் ஹிட்ச். இப்போது வெளியே திரும்ப வேண்டும் என்றால்? வலது காலை ஊன்றித் தள்ள வேண்டும். அது இரண்டாவது, நான்காவது, ஆறாவது அடி. நேரம் மூன்றாவது அல்லது ஐந்தாவது அடிக்குக் கணக்கு வைக்கப்பட்டிருந்தால், சில ரிசீவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? நிற்கும்போதே காலை மாற்றி இடது காலை முன்னால் வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும். எதிரே நிற்பவருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

ஹைஸ்கூல் மட்டத்தில் இந்தத் தவறு சர்வசாதாரணம். என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கில் எப்போதும் ஒரே காலை முன்வைக்கிற பழக்கம் எலும்பிலேயே ஊறியிருக்கும். ஆனாலும் களைப்பு என்று ஒன்று இருக்கிறதே. நான்காவது குவார்ட்டரில், அறுபது யார்டு ஓடித் திரும்பிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, கற்றுக்கொண்டதெல்லாம் கொஞ்சம் தளரும். எடை முன்காலில் அழுத்தமாக இருந்தால் உடனே பாயப்போகிறார். நிமிர்ந்து, பின்காலில் எடையை வைத்துக்கொண்டு, தோள் தொங்க நின்றால் பந்து தன் பக்கம் வராது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

கண்ணையும் கையையும் பற்றி எல்லாரும் நிறையப் பேசுவார்கள், பாதி தப்பு. ரிசீவர் தலையைத் திருப்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் ரகசியம் எதுவும் இல்லை. அறுபது, எழுபதாயிரம் பேர் கத்துகிற ஸ்டேடியத்தில் குவார்ட்டர்பேக்கின் குரல் ஓரம்வரை கேட்காது, பந்து அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் கிளம்ப வேண்டும். அதேபோல பிளேவுக்கு முன்னால் ரிசீவர் ஓரத்தில் நிற்கும் நடுவரைப் பார்த்துக் கையை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சிக்னல் கொடுக்கிறார் என்று என் நண்பர் ஒருவர் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். "நான் கோட்டில் சரியாக நிற்கிறேனா?" என்று கேட்பதுதான் அது. இது பக்கவாட்டுக் கோடு இல்லை, பந்து வைத்திருக்கிற இடத்தில் குறுக்கே போகிற கோடு. அந்தக் கோட்டில் குறைந்தது ஏழு பேர் நிற்க வேண்டும் என்பது விதி.

கவனிக்க வேண்டியது, தலையைப் பந்துப் பக்கம் திருப்புவதற்கு முன்னால் அவர் எங்கே பார்த்தார் என்பதை. ஓட்டப் பிளேவில் தான் மறிக்க வேண்டிய ஆள் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை கண்ணால் தேடுவார். எதிரே இருக்கிற கார்னர்பேக்கை விட்டுவிட்டு உள்ளே நிற்கும் சேஃப்டியை ஒருவர் ஏன் பார்க்க வேண்டும்? அவரைப் போய் இடிக்கப்போகிறார் என்பதால்தான். இன்னொன்று, கார்னர்பேக் ஏழெட்டு யார்டு பின்னால் தள்ளி நிற்கும்போது ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் உஷாராகிவிட வேண்டும். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, சட்டென்று எறிந்துவிடுவோமா என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

என் மகன் மூன்றாம் வருஷம் ஆடும்போது எதிரணியில் ஒரு பையன் இருந்தான். நல்ல உயரம், நல்ல வேகம். வீடியோவை நாலைந்து தடவை ஓட்டியபோது ஒன்று தெரிந்தது. பந்து தனக்கு வரப்போகிற பிளேக்களில், நிற்பதற்கு முன்னால் கையுறையின் மணிக்கட்டுப் பட்டையை இறுக்குகிறான். மற்ற பிளேக்களில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறான். அவனுக்கே தெரியாத பழக்கம் அது. என் மகன் யாரிடமும் சொல்லவில்லை, கோச்சிடம் மட்டும் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தப் பையனின் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஸ்கோர் என்ன என்று கேட்டதற்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கதை இன்னும் முடியவில்லை, கடைசியில் சொல்கிறேன்.

கை என்றதும் சிக்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்.எஃப்.எல்.லில் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கோச் பேசுகிற ரேடியோ உண்டு, அடுத்த பிளேவைத் தொடங்கக் கொடுக்கிற நேரத்தைக் காட்டும் பிளே கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது அணைந்துவிடும். அதற்குப் பிறகு திட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் வாயால் கத்த வேண்டும், அல்லது கையால் காட்ட வேண்டும். ஓரத்தில் இருப்பவருக்குக் கைதான். 2014 பிப்ரவரி 2 அன்று நடந்த சூப்பர் பௌலில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டியில், டென்வர் பிராங்கோஸ் இதில்தான் மாட்டிக்கொண்டது. அந்த சீசனில் 606 புள்ளி எடுத்துச் சாதனை படைத்த அணி அது, பேட்டன் மேனிங் குவார்ட்டர்பேக். சியாட்டில் சீஹாக்ஸ் 43-8 என்று துவைத்து அனுப்பியது. முதல் பாதியிலேயே மேனிங்கின் சில கைச் சிக்னல்களுக்கு எந்த ரூட் என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று சீஹாக்ஸின் கார்னர்பேக் ரிச்சர்ட் ஷெர்மன் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். ஷெர்மன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முதலில் ரிசீவராக ஆடியவர், பிறகுதான் கார்னர்பேக் ஆனார். திருடன் போலீஸானால் எப்படி இருக்கும், அப்படித்தான். தான் என்னென்ன சோம்பேறித்தனம் செய்தோமோ அதை எதிரே நிற்பவனிடம் தேடுவார்.

சோம்பேறித்தனம் என்று சொன்னேனே, உண்மையில் எல்லாவற்றையும்விட அதிகம் காட்டிக்கொடுப்பது அதுதான். பந்து வராத பிளேவில் ரிசீவர் மெதுவாக ஓடுவது. சிம்பிளான விஷயம், ஆனால் மனித சுபாவம் அல்லவா, மாற்றுவது கஷ்டம். ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது பிளே, அதில் பந்து கைக்கு வருவது ஏழெட்டுத் தடவை. மீதியெல்லாம் வெறும் ஓட்டம், யாரையாவது போய் மறிப்பது, ஏமாற்றுவதற்காகப் பாதி மைதானம் ஓடித் திரும்பி வருவது. ராண்டி மாஸ் மாதிரி ஒரு ரிசீவர் இந்த ஆட்டத்தில் அபூர்வம், 2007-ல் ஒரே சீசனில் 23 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) பிடித்தவர், அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. ஆனால் எனக்கு ஆடத் தோன்றும்போதுதான் ஆடுவேன் என்று 2001-ல் அவரே சொல்லி மாட்டிக்கொண்டார். முதல் இரண்டு அடியில் அவர் வேகம் எடுக்கவில்லை என்றால் எதிரணி கார்னர்பேக்குக்கு அது ஒரு பரிசு, உடனே ஓட்டத்தைத் தடுக்கத் திரும்பிவிடலாம்.

இதற்கு நேர் எதிர் ஜெர்ரி ரைஸ். 1985 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், பதினாறாவது ஆளாகத் தேர்வானவர். அவரைவிட வேகமாக ஓடுபவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். ஆனால் 1,549 கேட்ச், 22,895 யார்டு, இரண்டும் இன்றுவரை முதலிடம். பயிற்சியில்கூட ஒவ்வொரு பந்தையும் பிடித்தபின் கடைசிக் கோடுவரை ஓடி முடிப்பார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்கிற கதை. வேர்வை சிந்துவதற்கான கதையாக மட்டும் அதைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. எல்லா ரூட்டுக்கும் முதல் பத்து யார்டு ஒரே மாதிரி ஓடினால், எதிரே நிற்பவனுக்குப் படிக்க எதுவுமே கிடைக்காது. வேகம் குறைவாக இருந்தால்கூடப் பரவாயில்லை, எது எது என்று வித்தியாசம் தெரியக் கூடாது.

ஸ்னாப் ஆன பிறகு வேறு கதை. இதற்கு முன் சொன்னதெல்லாம் ஊகம், இனிமேல் உடற்கூறு.

கார்னர்பேக்குகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்பது. தலை ஒரு பக்கம் ஆடும், தோள் ஒரு பக்கம் சாயும், கண் எங்கேயோ போகும், எல்லாம் நடிப்பு. இடுப்பு மட்டும் போகிற இடத்துக்குத்தான் போகும். முழு வேகத்தில் ஓடுகிற தொண்ணூறு கிலோ ஆள் சட்டென்று நிற்க வேண்டுமானால் உடம்பைக் கீழே இறக்கியாக வேண்டும், வேறு வழியே இல்லை. முழங்கால் மடியும், இடுப்பு தாழும், நீளமாக விழுந்துகொண்டிருந்த அடி குட்டி குட்டியாக மாறும். கர்ல், கம்பேக் மாதிரி நின்று திரும்புகிற ரூட்டில் இதை மறைப்பது ரொம்பக் கஷ்டம். வீசிக்கொண்டிருந்த கை வீசுவதை நிறுத்தும். முன்னால் சாய்ந்திருந்த நெஞ்சு நிமிரும். நெஞ்சு நிமிர்ந்தால் பிரேக் போடுகிறான் என்று என் மகனின் கோச் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. போஸ்ட், ஸ்லான்ட் போன்றவற்றில் நிற்கவே தேவையில்லை, ஓடுகிற வேகத்திலேயே கோணம் மாறுவதால் எச்சரிக்கை குறைவு. அதனால்தான் அவற்றைத் தடுப்பது சிரமம்.

இதோடு எத்தனை யார்டு ஓடியிருக்கிறார் என்ற கணக்கும் சேரும். ஐந்து ஆறு யார்டு தாண்டியும் திரும்பவில்லை என்றால் ஸ்லான்ட்டும் ஹிட்ச்சும் பட்டியலில் இருந்து போய்விட்டன. பன்னிரண்டு பதினைந்து யார்டில் அடுத்த கூட்டம், அவுட், டிக், கர்ல், கம்பேக். அதையும் தாண்டி இடுப்பு தாழவில்லை என்றால் தயங்காமல் திரும்பி ஓட வேண்டியதுதான், ரிசீவர் நேராகத் தூரம் போகிறார். "மூணாவது வாய்ப்பு, ஆறு யார்டு வேணும்" என்ற நிலையில் ரிசீவர் ஏழாவது யார்டில் என்ன செய்கிறார் என்று ஒரு நல்ல கார்னர்பேக் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பதைப் பார்த்தால் புரியும்.

கடைசிக் கட்டம் ஒன்று உண்டு, கார்னர்பேக் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரிசீவரோடு ஓடுகிற நிலை. பந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அப்போது அவருக்குக் கண்ணாடி மாதிரி உதவுவது ரிசீவரின் முகமும் கையும்தான். கண் பெரிதாகும், தலை மேலே போகும், கை எழும். கை எழும்பும்போது இவரும் கையை அந்த இடைவெளிக்குள் விட வேண்டும். மாஸ் ஏன் மாஸ் என்றால், பந்து விரலுக்குக் கிட்டத்தட்ட வந்து சேரும்வரை கையைத் தூக்கவே மாட்டார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. பக்கத்தில் ஓடுபவர் பந்து இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிடித்து முடித்திருப்பார். ஓட்டப் பிளேவில் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்த அதே ஆள், இங்கே ஒன்றையும் காட்டமாட்டார். மனிதர்கள் அப்படித்தான்.

இப்போது எல்லாரும் எதிர்பார்க்கிற உதாரணத்துக்கு வருகிறேன். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவில் கிளெண்டேல், சூப்பர் பௌல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் 24. சியாட்டிலுக்கு வெற்றிக்கு ஒரே ஒரு யார்டு, நிமிஷம்கூட மிச்சமில்லை. மார்ஷான் லிஞ்ச் என்ற புல்டோசர் கையில் இருக்கிறார், அவரிடம் பந்தைக் கொடுத்தால் போதும் என்று உலகமே நினைக்கிறது. வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறார்கள், முன்னால் ஜெர்மெய்ன் கியர்ஸ், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட். இதற்கு ஸ்டாக் என்று பெயர். முன்னால் இருப்பவர் வழியை அடைக்க, பின்னால் இருப்பவர் அந்த மறைவில் உள்ளே வெட்டிப் பந்தைப் பிடிப்பது திட்டம்.

எதிரே மால்கம் பட்லர். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத முதல் வருஷப் பையன், வெஸ்ட் அலபாமா என்ற சின்னக் கல்லூரி. அந்த வாரப் பயிற்சியில் பேட்ரியட்ஸின் மாற்று வீரர்கள் இதே பிளேவை ஓட்டிக் காட்டியபோது இவர் தாமதமாகப் போய்த் தோற்றிருந்தார், கோச்சிடம் பேச்சும் வாங்கியிருந்தார். இப்போது அதே மாதிரி இரண்டு பேர் நிற்பதைப் பார்த்ததும் மனசுக்குள் மணி அடித்துவிட்டது. குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அந்தப் பக்கம் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. முன்னால் நின்ற கியர்ஸை பிராண்டன் பிரௌனர் அசையவிடாமல் பிடித்து நிறுத்த, லாக்கெட் உள்ளே வெட்டின மறுகணம் பட்லர் அவரைத் துரத்தவில்லை, பந்து எங்கே வரப்போகிறதோ அந்த இடத்துக்குப் பாய்ந்தார். லாக்கெட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். என்.எஃப்.எல்.லில் அவர் பிடித்த முதல் இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்ததை இடைமறித்துப் பிடித்த பந்து, அது.

இதில் ரிசீவரின் உடல்மொழி எங்கே வந்தது என்று கேட்கலாம். நின்ற இடமும், நின்ற வரிசையும்தான் காட்டிக்கொடுத்தன, அதோடு ஒரு யார்டு மிச்சம் என்ற நிலைமை. தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் இல்லை. ஸ்டாக் வரிசையில் இருந்து பத்து விதமான பிளே ஆடலாம். ஆனால் ஒரு யார்டு தூரத்தில், அந்த நேரத்தில், அந்த அணி அதை எதற்கு வைத்திருக்கிறது என்று வீடியோவில் பார்த்திருந்ததால் ஒரு நொடியில் முடிவு எடுக்க முடிந்தது. 2010 பிப்ரவரி 7 மயாமியில் நடந்த சூப்பர் பௌலில் செயின்ட்ஸ் அணியின் டிரேசி போர்ட்டர் செய்ததும் இதே ரகம்தான். அப்போது கோல்ட்ஸ் அணியில் இருந்த மேனிங், ரெஜி வெய்னுக்கு எறிந்த பந்தை இடையில் புகுந்து பிடித்து 74 யார்டு ஓடினார். வீடியோவில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன ரூட்.

சரி, இப்படியே போனால் ரிசீவர்கள் எல்லாம் முட்டாள்களா என்ன? நீங்கள் படிக்கிறீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்த பிறகு உடல்மொழி தூண்டிலாகிவிடும்.

2020 பிப்ரவரி 2, சூப்பர் பௌல். சான் பிரான்சிஸ்கோ 20-10 என்று முன்னால் இருக்கிறது, கான்சஸ் சிட்டிக்கு மூன்றாவது வாய்ப்பில் 15 யார்டு வேண்டும். டைரீக் ஹில் நேராக ஓடி, போஸ்ட் ரூட் மாதிரி நடுப்பக்கம் சாய்கிறார். சேஃப்டி அதை நம்பி உள்ளே திரும்புகிறார். ஹில் அங்கிருந்து கோட்டோரம் வெட்டினார், சுற்றிலும் ஆளே இல்லை, பாட்ரிக் மஹோம்ஸ் எறிந்தார், 44 யார்டு. ஆட்டம் 31-20 என்று கவிழ்ந்துபோனது. ஹில்லின் உடம்பு சொன்னது வடிகட்டின பொய். இடுப்பு பொய் சொல்லாது என்று மேலே எழுதினேனே, அது முதல் திருப்பத்துக்குத்தான் பொருந்தும். இரண்டு தடவை திரும்புகிற ரூட்டில் முதல் தடவை இடுப்பே நடிக்கும், அதற்காக நேரத்தைச் செலவு செய்வார்கள். அதனால்தான் குவார்ட்டர்பேக்குக்குக் கூடுதலாக ஒரு நொடி கிடைக்கிற சமயத்தில் மட்டும்தான் இந்த ரூட்டை ஓட்ட முடியும்.

அதே கான்சஸ் சிட்டி 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் செய்தது இன்னும் அழகு. ரிசீவர் ஸ்னாப்புக்கு முன்னாலேயே மறுபக்கத்துக்குப் போகப்போகிறவர் மாதிரி உள்ளே நடக்க ஆரம்பிப்பார். ஈகிள்ஸ் ஆட்கள் உடனே "நீ பிடி, நான் விடுறேன்" என்று ஆள் மாற்றிக்கொள்வார்கள் என்பதைக் கான்சஸ் சிட்டி வீடியோவில் பார்த்து வைத்திருந்தது. பாதி தூரம் போனதும் ஸ்னாப், ரிசீவர் வந்த வழியே திரும்பி ஓட்டம். நான்காவது குவார்ட்டரில் ஒரு தடவை கடாரியஸ் டோனி, இன்னொரு தடவை எதிர்ப்பக்கம் ஸ்கை மூர், இரண்டு டச்டவுனும் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாமல். 38-35 என்று ஜெயித்தார்கள். படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவதுதான் சுலபம், ஒன்றும் தெரியாதவன் நின்ற இடத்திலேயே நின்றிருப்பான்.

ஏமாற்றுவதைவிட நல்ல வழி, எதையுமே காட்டாமல் இருப்பது. 2017-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு வந்த ஷான் மெக்வே ரிசீவர்களைப் பெரும்பாலான பிளேக்களுக்கு உள்ளே ஒட்டி நிற்க வைத்தார். ஓட்டமா, எறிதலா, உள்ளேயா, வெளியேயா, எதற்கும் ஒரே இடம், ஒரே நிலை. மேலே நான் சொன்ன யார்டு கணக்கு அங்கே செல்லாது. அந்த முறைக்குக் கூப்பர் கப் மாதிரி ஆள் வேண்டும். 2021-ல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்தவர், ஆனால் ஓட்டப் பிளேவில் தன்னைவிடப் பெரிய ஆட்களைப் போய் இடிப்பதற்கும் அதே முனைப்போடு கிளம்புவார். அவர் கிளம்புகிற விதத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடிந்தால் உங்களுக்கு நாளைக்கே வேலை கிடைக்கும்.

நீங்கள் வீட்டில் உட்கார்ந்து இதைப் பழக வேண்டும் என்றால் சாதாரண ஒளிபரப்பு உதவாது. கேமரா பந்தின் பின்னால் போகும், ரிசீவர் மூன்றாவது அடியிலேயே திரையை விட்டுப் போய்விடுவார். இருபத்திரண்டு பேரும் தெரிகிற மாதிரி உயரத்தில் இருந்து எடுத்த காட்சி ஒன்று உண்டு, ஆல்-22 என்பார்கள். கோச்கள் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததை 2012-லிருந்து ரசிகர்களுக்கும் சந்தா கட்டினால் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு ரிசீவரைத் தேர்ந்தெடுத்து முழு ஆட்டமும் அவரையே பாருங்கள். ஸ்னாப்புக்கு முன்னால் நிறுத்தி, ஓட்டமா எறிதலா என்று ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். முதல் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி தப்பாகும், நாணயத்தைச் சுண்டிவிட்டிருக்கலாம் போல இருக்கும். பொறுமையாகப் போனால் நாலாவது ஐந்தாவது ஆட்டத்தில் உங்களுக்கே தெரியாமல் சரியாகச் சொல்ல ஆரம்பிப்பீர்கள், ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது.

அந்தக் கையுறைப் பையன் கதை பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை முதல் பாதியில் இரண்டு தடவை அவன் பட்டையை இழுத்தான், இரண்டு தடவையும் பந்து அவனுக்குத்தான் வந்தது, இரண்டையும் என் மகன் தட்டிவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் மறுபடி பட்டையை இழுத்தான். என் மகன் ஐந்தாவது அடியிலேயே ஹிட்ச் என்று முடிவு செய்து முன்னால் பாய்ந்தான். அந்தப் பையன் நிற்பது மாதிரி ஒரு அடி வைத்துவிட்டு நேராக ஓடிவிட்டான், ஐம்பது யார்டு, டச்டவுன். கையுறை பொய் சொல்லவில்லை, பந்து அவனுக்குத்தான் வந்தது. எந்த ரூட் என்று கையுறைக்கு எப்படித் தெரியும்?

காரில் வரும்போது அரை மணி நேரம் என் மகன் பேசவே இல்லை. அடுத்த வருஷம் அதே அணியோடு ஆடியபோது அந்தப் பையன் ஒவ்வொரு பிளேவுக்கும், தண்ணீர் குடித்துவிட்டு வரும்போதுகூட, கையுறைப் பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தான்.